சிலம்பக் கம்போடு கனிவையும் பழக்குவது எப்படி?

கம்பு சுற்றப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். சுற்றுகிற கம்பை நினைத்த இடத்தில் நிறுத்தத்தான் நாள் பிடிக்கும். கனிவு பழக்க வேண்டிய இடமும் அதுதான். அதற்கென்று தனியாக நீதிபோதனை வேண்டாம். எதிரே நிற்கிற பிள்ளையின் உடம்புக்குக் கம்பு வைத்திருப்பவர்தான் பொறுப்பு என்பதைப் பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் நுழைத்துவிட்டால் போதும்.

முதலில் இடம். ஊருணிக் கரையிலோ பள்ளி மைதானத்திலோ கல், முள் இல்லாத மண்தரை நல்லது. மழை நாளில் செட்டிநாட்டு வீட்டு வளவுக்குள், அதாவது உள்முற்றப் பகுதியில், பழகலாமே என்று தோன்றும், வேண்டாம். வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வியர்வை சொட்டினால் கால் வழுக்கும். நாலடிக் கம்பு சுற்றும் பிள்ளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறடியாவது காலியாக இருக்க வேண்டும். இடம் போதாமல் இருபது பேரை நெருக்கி நிறுத்தினால், எவ்வளவு நல்ல பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையை அடித்துவிடும்.

ஏழெட்டு வயதுக்கு நெஞ்சு உயரக் கம்பு போதும். சிறுவிரல் பருமனுள்ள பிரம்பாக இருந்தால் கை நோகாது. மூங்கிலென்றால் கணுக்களை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் தடவி வையுங்கள். வகுப்பு தொடங்கும்போது ஜோடிகள் கம்பை மாற்றிக்கொண்டு சோதிக்கட்டும். பழைய துணியால் கம்பை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை உருவினால், சிராய் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். அந்த இடத்தைத் தேய்த்துக் கொடுத்த பிறகுதான் சலாம் வரிசை என்னும் தொடக்க வணக்கம். விரிசல் விட்ட கம்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட வேண்டும். தன் கம்பை எல்லாப் பிள்ளையும் பார்த்துக்கொள்ளும். அடுத்தவர் கையில் சிராய் ஏறக்கூடாது என்று பார்ப்பதுதான் இங்கே பழக்கம்.

முதல் மாதம் ஜோடிப் பயிற்சி வேண்டாம். காலடி, சுற்று, நிறுத்தம், இவ்வளவே. நிறுத்தத்துக்கு ஒரு கயிறு கட்டி, பிள்ளையின் தோள் உயரத்தில் துண்டைத் தொங்கவிடுங்கள். பாதி வேகத்தில் வீசி, துண்டுக்கு ஒரு சாண் முன்னால் கம்பு நிற்க வேண்டும். பத்தில் ஒன்பது முறை நின்றால் நான்கு விரல்கடைக்குக் குறையுங்கள். வேகத்தைக் கடைசியில் கூட்டினால் போதும். நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கோபம் அல்ல. முன்கால் அரையடி உள்ளே போயிருக்கும், அல்லது இரண்டு கையும் ஒட்டிப் பிடித்திருப்பதால் முனை கட்டுப்படாது, அல்லது பிள்ளை களைத்திருக்கும். "ஏன்டா அடிச்ச?" என்று கேட்பதற்கு முன் காலைப் பாருங்கள். காலடிப் பிழையைக் குணப்பிழையாகச் சொன்னால், தான் முரடன் என்று பிள்ளையே நம்பத் தொடங்கிவிடும்.

ஜோடி சேர்க்கும்போது கம்பின் கடைசி அரையடிக்குப் பழைய வேட்டித்துணியைச் சுற்றிக் கட்டுங்கள். தோளும் முழங்காலுக்குக் கீழும் மட்டும் தொடலாம். தலை, கழுத்து, விரல், அடிவயிறு பக்கம் கம்பே போகக்கூடாது. செட்டிநாட்டில் செம்மண்ணுக்குப் பஞ்சமில்லை, அதைத் தோசைமாவுப் பதத்தில் குழைத்துத் துணிமுனையில் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மெதுவாகத் தொட்டால் எதிராளியின் பனியனில் சிறு வட்டமாகப் பதியும். ஓங்கிப் பட்டால் சிதறித் தெறிக்கும். வட்டத்துக்கு ஒரு புள்ளி, சிதறலுக்கு ஒன்றும் கிடையாது. வலு குறைந்த பிள்ளையும் இதில் ஜெயிக்கும், வலுத்த பிள்ளை தன் கையைத் தானே அளந்துகொள்ளும். கறை போகாது, ஆகவே பழைய பனியன்தான்.

ஒரு சுற்று ஒரு நிமிடம், பிறகு ஆள் மாற்றம். பெரியவரும் சின்னவரும் ஜோடியானால் வேகத்தைச் சின்னவரே சொல்லட்டும். தொடுபட்டதை வாத்தியார் அறிவிக்க வேண்டாம், தொடுபட்டவரே "பட்டுச்சு" என்று சொல்லட்டும். போட்டியில் நடுவர் இருப்பார், வகுப்பில் நேர்மைதான் நடுவர்.

வலிக்கிற மாதிரி பட்டுவிட்டால் இருவருமே கம்புமுனையைத் தரையில் ஊன்ற வேண்டும். அடித்தவர் கேட்க வேண்டியது, "எங்கே பட்டுச்சு? தொடரலாமா, உக்காரணுமா?" பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். கட்டாயப்படுத்தி "சாரி" சொல்ல வைத்தால் அது வாயோடு போய்விடும். துணியில் சுற்றிய ஐஸை அடித்தவரே கொண்டுவந்து பத்து நிமிடம் பிடித்திருக்கட்டும். விரல் வீங்கி மடக்க முடியவில்லையென்றாலோ தலையில் பட்டாலோ அன்றைக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வகுப்பைக் கெடுப்பது பல சமயம் பெரியவர்கள்தான். பழகுகிற கம்பால் வாத்தியார் ஒரு முறை பிள்ளையை அடித்தாலும் மேலே சொன்ன எல்லாம் பாழ். கரையில் நிற்கும் அப்பா "விடாத, போடு" என்று கத்துவதும் அப்படியே. அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பணிவாகச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் "யாரை ஜெயிச்ச?" என்று கேட்கும் அப்பத்தாவிடம், "யாருக்குச் சொல்லிக்கொடுத்த?" என்று கேட்கச் சொல்லலாம். தெருநாயை விரட்டவும் தம்பி தங்கையை மிரட்டவும் கம்பை எடுத்தால் ஒரு வாரம் கம்பு வாத்தியாரிடம் இருக்கும். அந்த வாரமும் பிள்ளை வகுப்புக்கு வந்து காலடி மட்டும் பழக வேண்டும். வகுப்பை விட்டு ஒதுக்குவதால் பயனில்லை.

காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா மாதிரிக் கூட்டத்தில் கம்பு சுற்றக் கூப்பிட்டால்தான் உண்மையான சோதனை. கைதட்டல் ஏற ஏற வேகம் ஏறும், வட்டம் சுருங்கும். சுற்றுபவருக்குப் பதினைந்தடி வட்டம் போட்டு, மூத்த பிள்ளைகள் நால்வரைக் கூட்டத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். உள்ளே ஓடிவரும் குழந்தைகளைத் தடுப்பது அவர்கள் வேலை. "நிறுத்து" என்ற குரல் கேட்டதும், அலங்கார வீச்சின் நடுவிலேயானாலும், கம்பு தரைக்கு வர வேண்டும். இதை முந்தின வாரம் மேளச் சத்தத்தை ஒலிக்கவிட்டே ஒத்திகை பாருங்கள். அமைதியான மைதானத்தில் கேட்கும் குரல் தவிலுக்கு நடுவே கேட்காது. அதனால் குரலோடு ஒரு விசிலும் வைத்துக்கொள்ளுங்கள்.