தென்காசி முதல் தூத்துக்குடி வரை ஒரு பால்வீதி

நம் சூரியன் இருக்கும் நட்சத்திரத் திரளான பால்வீதியின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவுதான் 1 ஒளியாண்டு) என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், அவ்வளவுதான். நம் ஊர் ஆசிரியர்கள் மாவட்ட வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் 1 கிலோமீட்டர் என்பது 1,000 ஒளியாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிதான் மையம். மேற்கே தென்காசி, கிழக்கே தூத்துக்குடி, இரண்டும் விளிம்புகள். மையத்திலிருந்து சூரியன் சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவு. வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வரும். நாம் இருப்பது அங்கேதான்!

அப்புறம் வகுப்பறைத் தரைக்கு வாருங்கள். இதே கணக்கில் 1 மீட்டர் என்பது 1 ஒளியாண்டு. சூரியனைச் சுற்றும் நெப்டியூன் பாதையின் முழு அகலமும் சுமார் 1 மில்லிமீட்டர்தான். தரையில் ஒரு கடுகை வையுங்கள், அதுகூடக் கொஞ்சம் பெரியது. அங்கிருந்து 4.2 மீட்டரில் ஒரு மாணவி நிற்கட்டும், அவள்தான் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி. 8.6 மீட்டரில் சிரியஸ் என்ற நட்சத்திரம். கடுகுக்கும் பிராக்சிமாவுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. இந்த வெறுமையை அவர்களே நடந்து பார்ப்பது மிக முக்கியம், இதற்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள்.

வானத்திலும் காட்டிவிடுங்கள். ஆகஸ்டில், நிலா இல்லாத நாளில், இரவு 8 மணிக்கு மேல் தெற்கே பார்த்தால் விருச்சிகமும் சிவந்த கேட்டையும் தெரியும். அதற்குச் சற்றுக் கிழக்கே தனுசு, பால்வீதியின் மையம் அந்தத் திசைதான். குற்றாலம் பக்கம் சாரல் மேகம் மறைக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து வெட்டவெளியில் வாய்ப்பு அதிகம். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.