முதல் தொழிலில் கைப்பணம் வற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தொழில் தொடங்கிய 5ஆம் மாதம், கணக்கேட்டில் லாபம் இருந்தது. சம்பளம் கொடுக்க வங்கியில் பணம் இல்லை. விற்றதையெல்லாம் வரவாக எழுதியிருந்தேன். வாங்கியவர்களோ 60 நாள் தவணை கேட்டிருந்தார்கள்.

அன்றிரவே ஒரு தாளில் 13 வாரங்களுக்குக் கட்டம் போட்டேன். கைக்கு வரும் தொகை, கட்டாயம் போகும் தொகை, மிச்சம் என்று வாரத்துக்கு மூன்று எண்கள். இதை நீங்கள் முதல் நாளே செய்துவிடுங்கள். வாடிக்கையாளர் சொன்ன தேதியை அப்படியே எழுதாமல் இரண்டு வாரம் தள்ளி எழுதுங்கள். மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போகும் வாரம் முன்கூட்டியே தெரிந்தால், செலவைத் தள்ளிப்போடவோ கடனுக்குப் பேசவோ அவகாசம் கிடைக்கும். கடைசி நேரத்தில் கேட்கும் கடனுக்கு வட்டி கடுமை.

அடுத்து, முன்பணம். கேட்டால் போய்விடுவார்களோ என்று மாதக்கணக்கில் அஞ்சினேன். துணிந்து பாதித்தொகை கேட்டபோது முதல் மூவரில் இருவர் மறுபேச்சின்றித் தந்தார்கள். மறுத்தவரின் வேலையையும் ஏற்றேன். அந்தப் பணத்துக்குத்தான் நான்கு மாதம் அலைந்தேன்.

வேலையை ஒப்படைத்த அன்றே பில் அனுப்புங்கள். வீட்டுச் செலவுக்கு வேறு வங்கிக் கணக்கு வையுங்கள். திங்கள் காலை, மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன், அந்தக் கட்டத்தைத் திருத்துங்கள்.