நாளிதழ்ச் செய்தி தவறாக வந்தால் பிரஸ் கவுன்சிலுக்கு எழுதுவது எப்படி

நொய்யல் கரையில் சாயப்பட்டறை நடத்தும் ஒருவர் கழிவுநீரை ஆற்றில் திறந்துவிட்டதாக நாளிதழின் திருப்பூர் பக்கத்தில் செய்தி வருகிறது. பிடிபட்டதோ ஏறக்குறைய அதே பெயரில் இயங்கும் வேறொரு பட்டறை. அன்று காலை பேக்கரியில் டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் படித்திருப்பார்கள். இப்படி நேர்ந்தால் நம் பக்கத்தில் நிருபரைப் போனில் பிடித்துச் சத்தம் போடுவார்கள், அல்லது வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே கட்டணம் இல்லாத ஒரு வழியாக, பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் இந்திய பிரஸ் கவுன்சில் இருக்கிறது.

1966இல் தொடங்கப்பட்டு, நெருக்கடி நிலைக் காலத்தில் கலைக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1979இல் மீண்டும் அமைக்கப்பட்ட இக்கவுன்சிலில் தலைவரைத் தவிர 28 உறுப்பினர்கள் உண்டு. அவர்களில் 13 பேர் ஆசிரியர்களும் பிற பத்திரிகையாளர்களும், 6 பேர் பத்திரிகை உரிமையாளர்கள், ஒருவர் செய்தி நிறுவனங்களின் சார்பில் வருபவர். நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அமைப்பை முழுமையான சுய கட்டுப்பாடு என்று சொல்வது சற்று மிகைதான் என்றாலும், பத்திரிகைத் தொழிலின் தவறை அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே பெரும்பான்மையாக உட்கார்ந்து விசாரிக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

முதலில் செய்தி வந்த பக்கத்தை முழுதாகப் பத்திரப்படுத்த வேண்டும். கத்தரித்த துண்டு மட்டும் போதாது. ஒரே நாளிதழின் கோவைப் பதிப்பில் வந்தது சேலம் பதிப்பில் வந்திருக்காது என்பதால், பதிப்பின் பெயரும் தேதியும் பக்க எண்ணும் தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களும் முகவரியும் இருக்கும். யாருமே படிக்காத அந்த வரிகள்தான் இப்போது தேவைப்படுகின்றன.

அடுத்து ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும். கவுன்சிலின் விசாரணை விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். நிருபரின் நோக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது. “இன்ன தேதியில், கோவைப் பதிப்பின் இத்தனையாம் பக்கத்தில், என் பட்டறையின் பெயர் குறிப்பிடப்பட்டுள்ளது. நடவடிக்கைக்கு உள்ளானது எங்கள் பட்டறை அன்று. அதற்கான ஆவண நகலை இணைத்துள்ளேன். வெளியிடும் முன் எங்களிடம் விளக்கம் கேட்கப்படவில்லை. திருத்தத்தை அதே பதிப்பில், அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்” என்ற அளவில் நின்றால் போதும். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். சென்னைப் பதிப்பின் மூலையில் வரும் திருத்தம் பல்லடத்துக்காரர் கண்ணில் படாது. கடிதத்தை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிலுக்கு இரண்டு வாரம் காத்திருப்பது நியாயமானது. அதற்கு மேல் காத்திருந்தால் கெடு நெருங்கிவிடும், ஏனெனில் நாளிதழ், வார இதழ்ச் செய்திகளைப் பற்றிய புகார் அவை வெளியான இரண்டு மாதத்துக்குள்ளும், மற்ற இதழ்களைப் பற்றியது நான்கு மாதத்துக்குள்ளும் புதுடெல்லியில் உள்ள கவுன்சிலுக்குப் போய்ச் சேர வேண்டும். புகாருடன் செய்தியின் நகல், தமிழ்ச் செய்தியானால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதம், பதில் வந்திருந்தால் அது ஆகியவற்றை இணைப்பதோடு, இதே விஷயத்தில் எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழியும் தர வேண்டும். மொழிபெயர்ப்பில் செய்தியின் காரத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. “மனம் புண்பட்டது” என்று எழுதுவதைவிட, வெளியிடும் முன் சரிபார்த்தல், மறுப்புக்கு இடமளித்தல் என்று கவுன்சிலின் நடத்தை நெறிகளில் எது மீறப்பட்டது என்று சுட்டுவதே எடுபடும்.

புகார் ஏற்கப்பட்டால் பத்திரிகைக்கு நோட்டீஸ் போகும். விசாரணைக் குழு இரு தரப்பையும் கேட்கும். சாட்சிகளை அழைப்பதற்கும் ஆவணங்களைக் கேட்டுப் பெறுவதற்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் கவுன்சிலுக்கும் உண்டு. ஆனால் செய்தி தந்தவர் யார் என்று சொல்லுமாறு நிருபரைக் கட்டாயப்படுத்த முடியாது. தவறு உறுதியானால் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், கடும் கண்டனம் தெரிவிக்கலாம். அபராதமோ நஷ்டஈடோ கிடையாது. அது வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், போனால் கவுன்சில் அந்த விஷயத்தைத் தொடாது. தொலைக்காட்சிச் செய்தியும் அதன் வரம்பில் வராது. அதற்கு முதலில் அந்தச் சேனலிடமே புகார் செய்ய வேண்டும்.

பத்திரிகையாளர்களுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. எழுதிய செய்திக்காக ஈரோட்டிலோ உடுமலையிலோ ஒரு பகுதிநேர நிருபரை அதிகாரி ஒருவர் மிரட்டினால், அவரும் கவுன்சிலிடம் முறையிடலாம்; அரசு உட்பட எந்த அதிகார அமைப்பின் நடத்தையைப் பற்றியும் கருத்துச் சொல்ல அதற்கு உரிமை உண்டு. அவரும் என்ன நடந்தது, எந்தத் தேதியில், எந்தச் செய்திக்காக என்பதை ஆதாரத்துடன் எழுத வேண்டும்.