புத்தக அலமாரியால் ஹாலைப் பிரிப்பது

ஹாலில் ஒரு மூலையைப் படிக்கும் இடமாக்கச் சுவர் எழுப்ப வேண்டாம். 6 அடி உயர அலமாரி போதும். முதுகுப் பலகை அடிக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் ஃபேன் காற்றும் ஜன்னல் வெளிச்சமும் மறுபக்கம் போயாக வேண்டும்.

அலமாரியைக் குறுக்கே வைத்த பிறகு நடக்க 3 அடி மிஞ்சுகிறதா என்று முதலில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். ஆழம் 12 அங்குலம் இருந்தால் இரு பக்கமும் புத்தகம் அடுக்கலாம். பலகை 18 மி.மீ. பிளைவுட், 710 தரம் (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்) கேளுங்கள். பார்ட்டிகிள் போர்டு விலை குறைவுதான், ஆனால் தினமும் வீடு துடைக்கிற தண்ணீரில் அடிப்பக்கம் ஊதிவிடும். எந்தப் பலகையானாலும் 3 அங்குல பிவிசி கால் வைத்துத் தூக்கிவிடுங்கள். கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

தட்டின் நீளம் இரண்டரை அடியைத் தாண்டினால் புத்தகக் கனத்தில் நடுவில் தொய்யும். தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவே ஒரு செங்குத்துப் பலகை கொடுங்கள்.

முதுகுப் பலகை இல்லாத அலமாரி பக்கவாட்டில் ஆடும், குழந்தை ஏறினால் கவிழும். ஆகவே ஒரு முனையைச் சுவரோடு ஒட்டி, மேல், நடு, கீழ் என மூன்று எல் ஆங்கிளால் முடுக்குங்கள். பூச்சில் மட்டும் பிடித்த ஸ்க்ரூ கழன்றுவிடும், 50 மி.மீ. பிளக் செங்கல்வரை போக வேண்டும். மறுமுனையைத் தரையோடு பிடியுங்கள். வாடகை வீடென்றால் துளை போடுமுன் ஹவுஸ் ஓனரிடம் கேட்டுவிடுவது நல்லது, இல்லையென்றால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

அகராதி, பழைய பைண்டு வால்யூம் எல்லாம் கீழ்த்தட்டில்.