சப்வே மூடிவிட்டால் வண்டி என்ன செய்யும்? ஓட்டுநர் இல்லாத வாகனத்துக்கு வழி மாற்றக் கற்றுத்தருவது

மேற்கு மாம்பலம் அயோத்தியா மண்டபத்திலிருந்து தி.நகர் பனகல் பூங்காவுக்கு வழி கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று எழுதுங்கள். ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு வழித்திட்டம் எழுதப் பழக வேண்டும் என்று வரும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான். நான் மாம்பலத்துக்காரன் என்பது ஒரு காரணம். இரண்டு இடங்களுக்கும் நடுவே ரயில் தண்டவாளம் போகிறது என்பதுதான் முக்கியக் காரணம். நடந்து போகிறவர் ஸ்டேஷன் பாலம் ஏறி ரங்கநாதன் தெருவில் இறங்கிவிடுவார். வண்டிக்கு அந்த வசதி கிடையாது. துரைசாமி சப்வே, தெற்கே அரங்கநாதன் சப்வே, வடக்கே ரங்கராஜபுரம், கோடம்பாக்கம் மேம்பாலங்கள் என்று கடக்க இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் துரைசாமி சப்வேயில் தண்ணீர் நின்று, போலீஸ் பேரிகேட் வைத்துவிடுவார்கள். பழகுவதற்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது.

வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இலவசம். பைதான் நிரல் மொழியில் ஓஎஸ்எம்என்எக்ஸ் என்ற நிரல் நூலகத்தை நிறுவி, மாம்பலம் ஸ்டேஷனை மையமாக வைத்துச் சுற்றிலும் 3 கிலோமீட்டர் தூரத்துக்குக் கார் போகும் சாலைகளை மட்டும் இறக்குங்கள். சந்திகள் புள்ளிகளாகவும் தெருக்கள் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வந்து சேரும். ஒருவழிப்பாதையை அது சரியாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் 'இங்கே வலது பக்கம் திரும்பக் கூடாது' என்ற தடைகளை எடுக்காது. அவற்றை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். வேக எல்லை குறிக்கப்படாத தெருக்களுக்கு அதே வகைத் தெருக்களின் சராசரியை நிரப்பிவிடும். நம் ஊரில் குறிக்கப்படாதவைதான் அதிகம் என்பதால், ஒவ்வொரு வகைத் தெருவுக்கும் நம்பக்கூடிய வேகத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் சப்வேயைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் சிக்கும் என்று நம்பாதீர்கள். எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். சுரங்கம் என்ற குறிச்சொல்லை வைத்துத் தேடுவதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. இறக்கும்போது நூலகம் துண்டுத் துண்டுக் கோடுகளை ஒட்டி ஒன்றாக்கிவிடுகிறது. ஒட்டிய துண்டுகளின் விவரங்கள் வேறுபட்டால் அந்த இடத்தில் ஒரு பட்டியல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒற்றை மதிப்பைத் தேடும் நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். படத்தைத் திரையில் விரித்து, தண்டவாளத்தைக் கடக்கும் ஒவ்வொரு கோட்டையும் கண்ணால் பார்த்து, அதன் எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தப்பாது.

வழி தேட ஏ-ஸ்டார் என்ற தேடல் முறை போதும். 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கியது. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்ற ஊகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடும். அந்த ஊகம் உண்மையான நேரத்தைவிடக் கூடிவிடக் கூடாது. ஆகவே நேர்கோட்டுத் தூரத்தை, உங்கள் படத்தில் உள்ள அதிகபட்ச வேகத்தால் வகுங்கள். சராசரி வேகத்தால் வகுத்தால் ஊகம் கூடிப்போய்ச் சுருக்கமான வழி கைநழுவலாம். மாம்பலத்தில் ஓட்டிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பூங்கா பக்கத்தில்தானே என்று தேடல் நேராகத் தண்டவாளத்தில் போய் முட்டும். பிறகு அதன் ஓரமாகவே மேலும் கீழும் பரவிக் கடக்கும் இடத்தைத் தேடும்.

திருப்பத்துக்கும் விலை, அதாவது கூடுதல் நேரம், போடுங்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். சிக்னல் இல்லாத சந்தியில் வலப்பக்கம் திரும்புவது எதிரே வரும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகிற வேலை. யாராவது வழிவிடும்வரை பொறுமையாக நிற்கும் வண்டிக்கு அது இன்னும் அதிக நேரம். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறுவதால், சந்திகளுக்குப் பதிலாகத் தெருக்களையே புள்ளிகளாக வைத்துப் படத்தை மாற்றி அமைக்க வேண்டும். விடுபட்ட 'திரும்பக் கூடாது' தடைகளையும் அப்போதே நுழைத்துவிடலாம்.

சரி, இப்போது சப்வேயை மூடுவோம். எல்லோரும் முதலில் செய்வது அந்தக் கோட்டை அழிப்பது. அழித்தால், மறுபடி திறந்ததை யார் சொல்வது? அழிக்காமல் விலையை ஏற்றுங்கள். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், எவ்வளவு நேரத்துக்குச் செல்லும் என்பதையும் கூடவே எழுதுங்கள். 2007 நவம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவின் விக்டர்வில்லில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்பா ஓட்டுநர் இல்லாத வண்டிகளுக்கு நடத்திய நகரப் போட்டியில் வென்ற கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'பாஸ்' வண்டியும் ஏறக்குறைய இதையே செய்தது. அடைப்பு இருந்த சாலைக்கு விலையை ஏற்றிவிட்டு, நேரம் ஆக ஆகக் குறைத்துக்கொண்டே வந்தது. வேறு வழி இல்லாவிட்டால் அங்கேயே திரும்பிப் போய்ப் பார்க்கும்.

இந்தக் கட்டத்தில் யாராவது டி-ஸ்டார் லைட் என்ற தேடல் முறையைப் பற்றிக் கேட்பார்கள். 2002இல் கோனிக், லிகச்சேவ் இருவரும் எழுதியது. போக வேண்டிய இடத்திலிருந்து வண்டியை நோக்கித் தேடுவதால், வண்டி நகர நகரப் பழைய கணக்கு பெரும்பாலும் வீணாகாது. மாற்றம் வண்டிக்கு அருகில் வந்தால் நல்ல லாபம். இலக்குக்கு அருகில் வந்தால் பெரும்பகுதியைத் திருத்த வேண்டியிருக்கும். முன்பின் தெரியாத நிலத்தில் ஓடும் ரோபோவுக்குச் சரியான கருவி. மாம்பலம் அளவுப் படத்துக்குப் புதிதாகத் தேடினாலே கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இதில் வாரக்கணக்கைச் செலவழிக்காதீர்கள்.

செலவழிக்க வேண்டியது வேறு இடத்தில். மழை பெய்கிறது, சப்வே திறந்திருக்கிறதா என்று தெரியவில்லை. போய்ப் பார்ப்பதா, சுற்றிப் போவதா? கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: சப்வே வழியாக 8 நிமிடம், மேம்பாலம் வழியாக 13. சப்வே வாய்வரை போய், மூடியிருப்பதைப் பார்த்துத் திரும்பினால் மொத்தம் 19. மூடியிருக்கும் வாய்ப்பு 45 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போய்ப் பார்ப்பது லாபம். மாலை நெரிசலில் திரும்பி வர மொத்தம் 30 நிமிடம் ஆகும் என்றால் அந்த எல்லை 23 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆட்டோக்காரர் மழையைப் பார்த்ததும் மனசுக்குள் போடும் கணக்கு இதுதான். கணினி அறிஞர்கள் பாபதிமித்ரியூவும் யன்னகாகிசும் 1991இல் இதைக் கனடியப் பயணி சிக்கல் என்று எழுதினார்கள். அங்கே அடைப்பது பனி. நிரலில் ஒவ்வொரு சப்வேக்கும் மூடும் வாய்ப்பு என்று ஓர் எண்ணை வைத்து, மழை அளவைப் பொறுத்து அதை ஏற்றி இறக்குங்கள். எந்தச் சந்தியைத் தாண்டினால் திரும்புவது கஷ்டமோ அதையும் குறித்து, அதற்கு முன்பே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரை வண்டி தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. அசையாமல் நிற்கும் தண்ணீரில் சாய்வாக விழும் லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) ஒளி எதிர்ப்பக்கம் தெறித்துப் போய்விடுவதால், திரும்பி வரும் புள்ளிகள் குறைவு. கேமராவுக்குத் தண்ணீர் தெரியும், ஆழம் தெரியாது. ஆழம் தெரியாத தண்ணீர் என்றால் மூடிய சாலை என்றே எழுதுங்கள்.

இன்னொரு தொந்தரவு, அலைபாய்வது. இரண்டு வழிகளும் ஏறக்குறைய சமமாக இருந்தால், ஒவ்வொரு முறை கணக்குப் போடும்போதும் வண்டி மனசு மாறிக்கொண்டே இருக்கும். பின்னால் வருகிறவர் பாவம். புதிய வழி குறைந்தது 2 நிமிடமாவது மிச்சப்படுத்தினால்தான் மாறலாம் என்று வையுங்கள். சந்திக்கு 100 மீட்டருக்குள் வந்துவிட்டால் நேரம் மிச்சம் என்பதற்காக மட்டும் மாறக் கூடாது. சாலை அடைத்திருந்தால் இந்த இரண்டு விதிகளும் பொருந்தாது. தெருவில் நிற்கும் காய்கறி வண்டியைச் சுற்றிப் போவது இந்த நிரலின் வேலையே இல்லை. அதை நொடிக்குப் பல முறை பாதை போடும் கீழ் அடுக்கு பார்த்துக்கொள்ளும். அந்த அடுக்கு ஒரு நிமிடம் நகர முடியாமல் நின்றால் மட்டும் மேலே தகவல் வரட்டும்.

கடைசியாகச் சோதனை. வண்டி பாதி வழியில் இருக்கும்போது சப்வேயை மூடுங்கள், சந்தியைத் தாண்டிய மறுநொடி மூடுங்கள், மூடிவிட்டுப் பத்து நிமிடத்தில் திறங்கள். பிறகு கடக்கும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மூடுங்கள். மூடிய சாலைக்கு வெறும் பெரிய விலை மட்டும் கொடுத்திருந்தால், அந்த நேரத்தில் நிரல் கூசாமல் சப்வேக்குள்ளேயே வழி போட்டுத் தரும். ஆகவே விலை ஓர் அளவைத் தாண்டினால் 'வழி இல்லை' என்று சொல்லிவிட்டு, மேடான தெருவில் ஓரமாக நிறுத்த இடம் தேடச் சொல்லும் வரிகளையும் எழுதிவிடுங்கள்.