திருவிழா மேளத்தைப் பதிவேற்றியதால் கணக்குக் கட்டுப்படுத்தப்பட்டால்

திருகோணமலையிலுள்ள கோணேஸ்வரக் கோவிலின் பங்குனித் திருவிழாவில் ஒலிக்கும் நாதசுவரத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் ஊரவர்களுக்காக யூடியூப், முகநூல் போன்ற தளங்களில் பதிவேற்றுகின்ற எவரும், என்றோ ஒரு நாள் தமது கணக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதாக அறிவித்தல் ஒன்றைக் காண நேரிடலாம். எனக்கும் அது நேர்ந்தது. வித்துவான் வாசித்தது தியாகராஜர் கீர்த்தனை. 1847 இல் மறைந்தவரின் பாட்டுக்கு இன்று பதிப்புரிமை கோருபவர் யார் என்று கொதித்துப்போய், அன்றிரவே நான் பதிவேற்றிய தளத்துக்கு மூன்று முறைப்பாடுகளை அனுப்பினேன். மூன்றும் நிராகரிக்கப்பட்டன. இரண்டு நாட்களின் பின்னர் அறிவித்தலை முழுமையாக வாசித்தபோதுதான், மேளம் ஓய்ந்த இடைவெளியில் ஒலிபெருக்கியில் போடப்பட்ட பக்திப் பாடலுக்கே உரிமை கோரப்பட்டிருந்தது என்பது விளங்கியது.

ஆகவே கோபம் ஆறும் வரை எதையும் அழிக்காமலும் எவருக்கும் எழுதாமலும் இருந்து, வந்திருப்பது எவ்வகைக் கட்டுப்பாடு என்பதை முதலில் கண்டறிய வேண்டும். யூடியூப்பில் கன்டென்ட் ஐடி எனப்படும் தானியங்கி முறை எழுப்பும் உரிமைகோரலும், உரிமையாளர் சட்டப்படி கோரிக்கை அனுப்பிக் காணொளியை நீக்கச் செய்வதால் விழும் ஸ்ட்ரைக் என்னும் எச்சரிக்கைப் புள்ளியும் வேறு வேறானவை. முன்னையதால் காணொளி சில நாடுகளில் மறைக்கப்படலாம், அல்லது அதன் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். கணக்குக்கு அதனால் ஆபத்தில்லை. பின்னையது 90 நாட்களுக்கு நீடிக்கும். அக்காலத்துக்குள் மூன்று சேர்ந்தால் சனலே நீக்கப்படலாம். ஸ்ட்ரைக் விழுந்த பிறகு காணொளியை நாமே அழித்தாலும் அது அகலாது என்பதைப் பலர் அறியாமல், பதறிப்போய் அருமையான பதிவுகளை இழந்துவிடுகின்றனர்.

அடுத்து, உரிமை எதன் மீது கோரப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். திருஞானசம்பந்தர் திருக்கோணமலை மீது பாடிய பதிகத்துக்கு இன்று உரிமையாளர் எவரும் இல்லை. ஆனால் அதே பதிகத்தை ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் இருக்கக்கூடும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆக்கியவரின் ஆயுட்காலத்துக்கும் அதன் பின்னர் 70 ஆண்டுகளுக்கும் ஆக்கத்தைப் பாதுகாப்பதோடு, வாசிப்பவருக்கும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் தனியான உரிமைகளை வழங்குகிறது. ஆகையால் பழைய பாட்டுத்தானே என்னும் வாதம் பாதி வழக்கைத்தான் வெல்லும்.

சனலை நிர்வகிக்கும் பக்கமான யூடியூப் ஸ்டூடியோவில் அந்தக் காணொளியின் பதிப்புரிமை விவரத்தைத் திறந்தால், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை பொருத்தம் காணப்பட்டது என்பது தெரியும். ஒலிபெருக்கிப் பாடல்தான் சிக்கல் என்றால், அப்பகுதியை மட்டும் வெட்டவோ அதன் ஒலியை நிறுத்தவோ அங்கேயே வசதி உண்டு. வழக்காடுவதை விட இதுவே புத்திசாலித்தனம். மாறாக, நேரடி வாசிப்பையே முறைமை தவறாக வேறொரு பதிவாக எண்ணியிருந்தால், மறுப்புத் தெரிவிப்பதில் தயங்க வேண்டாம். மறுப்பில் எரிச்சலைக் கொட்டாமல், எந்தக் கோவிலில், எந்த நாளில், யார் வாசித்ததை நீங்களே பதிவு செய்தீர்கள், இயற்றியவர் எப்போது மறைந்தார், வாசித்தவரின் சம்மதம் உண்டா என்பவற்றை நான்கைந்து வரிகளில் எழுதினால் போதும். உரிமை கோரியவர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பதில் வராவிட்டால் உரிமைகோரல் நீங்கிவிடும். ஸ்ட்ரைக்குக்கு எதிராக, நீக்கிய காணொளியை மீள இடுமாறு சட்டப்படி கோரும் எதிர் அறிவித்தல் இதனிலும் பாரதூரமானது. அதில் எழுதும் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குச் செல்லும். நீதிமன்ற நியாயாதிக்கத்துக்கும் உடன்பட வேண்டும். உறுதியான நியாயம் இல்லாதவர்கள் அதைத் தொடாதிருப்பது நல்லது.

முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் கணக்கு நிலை என்னும் பக்கத்தில் காரணம் காட்டப்படும். மீளாய்வும் அங்கேயே கோரலாம். கலைஞர்கள் நேரில் வாசிப்பதைப் படம்பிடிப்பதை இவ்விரண்டின் உரிமை நிறுவனமான மெட்டாவின் இசை வழிகாட்டல் அனுமதிக்கிறது. ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாடல்களை முழுமையாக ஓடவிட்டால்தான் தடை வரும் வாய்ப்புக் கூடும்.

கணக்கு முடங்கிய கையோடு வேறொரு பெயரில் புதிய கணக்குத் திறக்கும் யோசனையை யாராவது ஒரு நண்பர் கட்டாயம் சொல்வார். கேட்காதீர்கள், தடையைச் சுற்றிப்போகும் முயற்சியாக அது கருதப்பட்டால், நியாயமான மேன்முறையீடும் கெட்டுவிடும்.

இனிவரும் திருவிழாக்களுக்கு, மேளம் தொடங்குமுன் வித்துவானிடம் சென்று, பதிவேற்றச் சம்மதமா என்று கேட்டு, அவர் வாய்மொழியாகச் சொல்வதையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். திருத்தாத மூலக் கோப்பை வன்தட்டில் தனியே சேமியுங்கள். பதிவு செய்யும்போது தவில்காரருக்கு அருகில், ஒலிபெருக்கிக் குழாய்க்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஒலிபெருக்கியில் பாடல் தொடங்கியதும் பதிவை நிறுத்திவிட்டு, அடுத்த உருப்படிக்கு நாதசுவரம் சுருதி சேர்க்கும்போது மீண்டும் தொடங்குங்கள்.