துணையின் நாட்டுக்குக் குடிபெயரும் முன்: பழைய வதிவுரிமை கைநழுவாமல் இருக்க

வதிவுரிமை அட்டையில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை நம்பிக் கிளம்பாதீர்கள். அட்டை செல்லுபடியாகும்போதே உரிமை போய்விடலாம். எத்தனை நாள் வெளியே இருக்கலாம் என்பதே கணக்கு.

கனடா நிரந்தரவாசி 5 ஆண்டுகளுக்குள் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும். பிரிட்டனின் காலவரையற்ற தங்கும் உரிமை, தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் போய்விடும்.

சிக்கல் அதிகம் அமெரிக்காவின் நிரந்தர வதிவுரிமையான கிரீன் கார்டில்தான். ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருப்பதென்றால், ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்காவில் இருக்க வேண்டும். பிறகு கைரேகைக்கும் அங்கேதான் அழைப்பார்கள். புறப்படும் வாரத்தில் விண்ணப்பித்தால் அதற்காகவே திரும்பி வர நேரும். அனுமதி பொதுவாக 2 ஆண்டுக்கு. அதை நீட்டிக்க முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் அமெரிக்காவில் இருந்துகொண்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். நிரந்தர வீடு எங்கே என்றுதான் அதிகாரி பார்ப்பார். வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் அங்கே உயிரோடு இருக்கட்டும்.

வரியில் பலர் கோட்டைவிடுகிறார்கள். வரி மிச்சம் என்று அமெரிக்காவில் 'வசிக்காதவர்' படிவத்தில் கணக்குக் காட்டினால், வதிவுரிமையைக் கைவிட்டதற்கு அதுவே சான்றாகிவிடும். துணையின் நாட்டு விசாப் படிவத்தில் எழுதுவதும் இதோடு முரண்படக்கூடாது. பல விமான நிலையங்களில் இப்போது முத்திரை குத்துவதில்லை. பயணத் தேதிகளை நீங்களே குறித்து, போர்டிங் பாஸோடு சேர்த்து வையுங்கள்.